அத்தனையும் பச்சை

பெருந்துறையில் மோட்டார் வைண்டிங் கடை ஒன்றின் மாடியில் எஸ்தர் டீச்சர் சனிக்கிழமைதோறும் வகுப்பு எடுத்தார். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலர் எழுதக் கற்றுக்கொள்ள வருபவர்கள் குறைவு. அந்தச் சிலரில் வெள்ளியங்கிரி எல்லோருக்கும் மூத்தவர், டீச்சருக்கும் மூத்தவர்.

அவர் ஒரு சாயப்பட்டறையில் எலக்ட்ரீஷியன். பட்டறையின் இயந்திரங்கள் தமக்கென்று அமைந்த சிறிய நிரல்மொழி ஒன்றில் ஓடின. எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று அதில் எழுதித் தர வேண்டும். சென்ற ஆண்டு யாரோ அறுபது டிகிரியில் நாற்பத்தைந்து நிமிடம் என்று எழுதப் போய், இரண்டையும் கூட்டி எழுதிவிட்டார். கம்பைலர் ஏன் என்று கேட்கவில்லை. இயந்திரம் நூற்றைந்து டிகிரிக்குப் போனது. அறுபதுதான் என்று நம்பி மூடியைத் திறந்தவர் வெள்ளியங்கிரியின் மைத்துனர் மாரப்பன். அவர் கை முழங்கை வரை வெந்துபோயிற்று.

கை ஆறிவிட்டது. வரும் திங்கட்கிழமை மாரப்பன் அதே இயந்திரத்துக்குத் திரும்புகிறார்.

கம்பைலரை எழுதியவர் எப்போதோ பட்டறையை விட்டுப் போய்விட்டார். அதன் மூலநிரல் மட்டும் இருந்தது. வெள்ளியங்கிரி எடுத்துக்கொண்டது அதன் முன்பகுதியை. எழுதிய நிரலைச் சொல் சொல்லாகப் பிரித்து, வரி வரியாகப் படித்து, பொருந்தாததைக் கண்டால் அங்கேயே தடுத்து நிறுத்த வேண்டியது அந்தப் பகுதிதான். டிகிரியையும் நிமிடத்தையும் யார் கூட்டினாலும் நிறுத்து என்று அதில் ஒரு சோதிப்பைச் சேர்த்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை காலை மூலநிரல் முழுவதையும் பில்ட் செய்து, ஓடக்கூடிய புதுக் கம்பைலராக்கி முடித்தார். சோதனைகளை ஓட்டினார். தேறியதற்கு அடையாளமாகத் திரையில் வரிசையாகப் பச்சை விழுந்தது. உடனே மாரப்பனுக்குப் போன் செய்து, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார்.

"டீச்சர், முடிஞ்சுதுங்க. திங்கக்கிழமை பட்டறைக்குக் கொண்டு போயிரலாமுங்களா?"

"சோதனைக்கு என்ன நிரல் குடுத்தீங்க?"

"பட்டறையில தினமும் ஓடுறதுங்க. அத்தனையும் குடுத்தேன்."

"தப்பான நிரல்?"

"அதையெதுக்குங்க நான் வெச்சிருக்கணும்?"

பக்கத்து மேசையில் படித்துக்கொண்டிருந்த மாணவி தமயந்தி சிரித்தாள். "அண்ணா, செக்போஸ்ட்ல போலீஸையே நிக்க வெச்சு, போலீஸ் வண்டியாவே விட்டுப் பாத்திருக்கீங்க."

"நீ உன்னோட பில்ட பாரு தாயி. மூணு வாரமா அது எந்திரிக்கவே இல்ல."

எஸ்தர் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"முன்பகுதியோட முதல் ஃபங்ஷனைத் திறங்க அண்ணா."

திறந்தார். எஸ்தர் விசைப்பலகையைத் தன் பக்கம் நகர்த்தி, அந்த நிரல்துண்டின் தலையில் ஒரே ஒரு வரி எழுதினார். எந்த நிரல் வந்தாலும் பிழை என்று சொல்லி நிறுத்திவிடு.

"டீச்சர், என்னங்க இது? நல்லா ஓடிட்டிருக்கிறதைப் போயி…"

"பில்ட் பண்ணுங்க."

பண்ணினார். கணினியின் விசிறி இரைந்து, நெடுநேரம் கழித்து ஓய்ந்தது. தமயந்தி அதற்குள் கீழே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்துவிட்டாள்.

"இப்ப சோதனையை ஓட்டுங்க."

"எதுக்குங்க? எல்லாமே சிவப்புத்தான் விழும்."

"விழட்டும்."

ஓட்டினார். பச்சை விழுந்தது. அடுத்ததும் பச்சை. கடைசி வரைக்கும் பச்சை.

வெள்ளியங்கிரி டீயைக் கீழே வைத்தார். எழுதிய வரி சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார். சேமிக்கப்பட்டிருந்தது. மறுபடி ஓட்டினார். மறுபடியும் பச்சை. எதையும் ஏற்காதே என்று சொல்லி வைத்த ஒன்று எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டிருந்தது.

"பேய் புடிச்சிருச்சுங்களா?"

"சோதனையில கம்பைலரை எப்படிக் கூப்பிடறீங்க?"

"பேர் சொல்லித்தானுங்க."

"அந்தப் பேர்ல இந்தக் கணினியில எத்தனை பேர் இருக்காங்க?"

அவர் தேடினார். இரண்டு இருந்தன. ஒன்று, காலையிலும் இப்போதும் அவர் பில்ட் செய்தது. அது ஃபோல்டருக்குள் இன்னும் ஒருவரும் கூப்பிடாமல் கிடந்தது. மற்றொன்று, வகுப்பில் சேர்ந்த புதிதில் பட்டறையிலிருந்து எடுத்துவந்து அவரே நிறுவியது. பேர் சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம் எழுந்து வந்தது அதுதான். மாரப்பனின் கையை வேக விட்டதும் அதுதான்.

தமயந்தி கேலி செய்யவில்லை. எழுந்து வந்து அவர் பின்னால் நின்றாள்.

"டீச்சர், இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்குங்க ஒடச்சீங்க?"

"உடைஞ்சா, உடைஞ்சதுன்னு யாராவது சொல்றாங்களான்னு பார்த்தேன்."

வெள்ளியங்கிரி சோதனையில் கம்பைலரின் பெயரை அழித்து, ஃபோல்டரின் முழு முகவரியை எழுதினார். ஓட்டினார். மேலிருந்து கீழ் வரை சிவப்பு. டீச்சரின் வரி வேலை செய்தது.

அதை நீக்கிவிட்டு மீண்டும் பில்ட் செய்தார். சோதனைக் கோப்பின் கடைசியில் புதிதாக ஒரு நிரலைத் தட்டினார். அறுபது டிகிரி, கூட்டல், நாற்பத்தைந்து நிமிடம். எஸ்தர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டினார்.

அந்த நிரலைக் கம்பைலர் தடுத்து நிறுத்தியது. ஆனால் பட்டறையில் தினமும் ஓடும் நல்ல நிரல்களில் பாதியையும் சேர்த்தே நிறுத்தியது. ஒரு நிமிடத்துக்கு இரண்டு டிகிரி வீதம் ஏற்று என்று சொல்லும் வரிகளையெல்லாம், டிகிரியும் நிமிடமும் சேர்ந்து வந்ததாலேயே, அவருடைய சோதிப்பு குற்றமாகக் கண்டிருந்தது.

"பாதி சிவப்புங்க டீச்சர்."

"ம்."

"திங்கக்கிழமைக்குள்ள ஆகாதுங்க."

"ஆகாது."

கைபேசி ஒலித்தது. மாரப்பன். வெள்ளியங்கிரி எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"மச்சான், திங்கக்கிழமை மொத ஷிப்ட் கேட்டு வாங்கிட்டேன். புது கம்பைலர் வந்துருமில்ல?"

"மாப்ள, திங்கக்கிழமை அந்த மிஷினத் தொடாதே. நான் மேனேஜர்கிட்டப் பேசிக்கிறேன்."

"ஏனுங் மச்சான்? காலையில எல்லாம் சரியாயிருச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

வெள்ளியங்கிரி கைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு டீச்சரைப் பார்த்தார்.

"என்னங்க சொல்றது?"

எஸ்தர் ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"காலையில பதில் சொன்னது வேற ஆளு. நீங்க செஞ்சது இப்பத்தான் வாயைத் திறந்திருக்குன்னு சொல்லுங்க."