ராஜா முதுகை மிதிச்ச குருவம்மா

ஒரு ஊருல ஒரு ராஜா இருந்தாரு. இருங்க, அவரு மெதுவாத்தான் வருவாரு, அவருக்கு இடுப்புப் பிடிச்சுக்கிட்டிருக்கு. அவரு வர்றதுக்குள்ள நாம குருவம்மாவைப் பாத்துட்டு வந்துருவோம்.

குருவம்மா வண்டல்குடிங்கிற ஊருல, குளத்துக்கரையில, குயவர் தெருவுல இருந்தா. புருசன் பேரு சடையாண்டி. அவன் சக்கரத்தைச் சுத்திப் பானை வனைவான், இவ மண்ணு மிதிச்சுக் குடுப்பா. மண்ணை வாசல்ல வட்டமாக் கொட்டி, தண்ணி தெளிச்சு, நடுவுல நின்னு, சுத்திச் சுத்தி மிதிச்சுக்கிட்டே வெளிய வருவா. மண்ணுக்குள்ள ஒரு சின்னக் கல்லு கிடந்தாப் போதும், பானை சூளையில வெடிச்சுரும். ஆனா குருவம்மா கால் கட்டைவிரலு இருக்கே, அது கல்லு கிடந்தா கண்டுபிடிக்கும், வேரு கிடந்தா கண்டுபிடிக்கும், நத்தைக்கூடு கிடந்தா அதையும் கண்டுபிடிக்கும். மிதிக்கிறப்ப அவ கீழேயே பாக்க மாட்டா. பந்தல்ல தொங்குற சுரைக்காயைப் பாத்துக்கிட்டே மிதிப்பா. கீழே பாத்தாக் கால் குழம்பிப் போகுமாம்.

ஒரு நாளு சடையாண்டி ஒரு பெரிய மொடாவைத் தூக்கிக்கிட்டு வந்தான். வந்தவனுக்கு இடுப்புல சுருக்குன்னு பிடிச்சுக்கிச்சு, மொடா அந்தப் பக்கம், இவன் இந்தப் பக்கம், குப்புற விழுந்தான் மிதிக்கிற மண்ணுல. ஐயோன்னு கத்தலாம்னு வாயைத் திறந்தான், வாய் நிறைய மண்ணு. குருவம்மா சுரைக்காயைப் பாத்துக்கிட்டே வந்தா, ஏறிட்டா அவன் மேல.

"என்னடி இது, இன்னிக்கு மண்ணு இவ்வளவு மேடா இருக்கு?"ன்னு மிதிச்சா. மிதிச்சா, மிதிச்சா, கட்டைவிரலுக்கு ஒரு கல்லு தட்டுப்பட்டுச்சு. விடுவாளா? குதிகாலை வெச்சு ஒரே அமுக்கு. டொக்குன்னு ஒரு சத்தம். மண்ணு "ஆத்தாடி"ன்னு கத்திக்கிட்டு எந்திரிச்சு நின்னுச்சு! பாத்தா சடையாண்டி. தென்னமரமா நிமிர்ந்து நிக்கிறான்.

குருவம்மாவுக்கு உசிரே போயிருச்சு. "ஐயையோ, கட்டின புருசனை மிதிச்சுட்டேனே!"ன்னு குனிஞ்சு அவனைத் தொட்டுத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா.

சடையாண்டி வாயில இருந்த மண்ணைத் துப்பிட்டு, "ஏ புள்ள, இடது பக்கம் லேசா மிச்சம் இருக்கு. அங்கயும் ஒரு மிதி மிதிச்சுட்டு, மொத்தமா ஒத்திக்கோ"ன்னான்.

அப்புறம் என்ன, ஊரே வந்துருச்சு. ஏத்தம் இறைக்கிற பொன்னையன் வந்தான், கவுந்து படுத்தான், குருவம்மா சுரைக்காயைப் பாத்தா, மிதிச்சா, டொக்கு, எந்திரிச்சுப் போனான். மூட்டை தூக்குற சங்கிலி வந்தான், கவுந்து படுத்தான், சுரைக்காயைப் பாத்தா, மிதிச்சா, டொக்கு, எந்திரிச்சுப் போனான். கோயில்ல மணியடிக்கிற ஐயா வந்தாரு, கவுந்து படுத்தாரு, சுரைக்காய், மிதி, டொக்கு, அவரு போறப்ப ஓடியே போனாரு. ஒவ்வொரு மிதிக்கும் குருவம்மா குனிஞ்சு தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவா. மனுச உடம்புல கால் பட்டா சும்மா போகலாமா? நீங்க போவீங்களா? ஒருத்தரை ஒருத்தர் உதைச்சுக்கிட்டே கதை கேக்குறீங்க, உங்ககிட்டப் போயிக் கேட்டேன் பாரு.

இப்ப ராஜா வந்துட்டாரு.

ராஜாவுக்கு முறுக்குன்னா உசிரு. சிம்மாசனத்துல உக்காந்து நியாயம் கேக்குறப்பக் கூட, யாருக்கும் தெரியாம ஒரு முறுக்கை வாயில ஒதுக்கிக்குவாரு. அன்னிக்குக் கை நழுவி முறுக்கு கீழே விழுந்து, உருண்டு, சிம்மாசனத்துக்கு அடியில போயிருச்சு. நாப்பது சேவகங்க நிக்கிறாங்க, எடுத்துக் குடுன்னா எடுத்துக் குடுக்க மாட்டாங்களா? கேக்க வெக்கம். தானே குனிஞ்சாரு. குனிஞ்சவரு குனிஞ்சவருதான். நிமிர முடியல.

அந்த நாட்டுல ஒரு சட்டம், ராஜா தலைக்கு மேல யாரு தலையும் இருக்கக் கூடாது. ராஜா குனிஞ்சா? எல்லாரும் குனியணும். மந்திரி குனிஞ்சாரு, சேனாபதி குனிஞ்சாரு, சமையக்காரன் குனிஞ்சுக்கிட்டே குழம்பு வெச்சான். மூணு மாசம்! ராஜா கண்ணுக்குத் தரையும் காலும்தான். "வெடிப்பு விழுந்த காலு, மந்திரி வந்துட்டீரா? மெட்டி போட்ட காலு, ராணி சாப்பிட்டியா?"ன்னு காலைப் பாத்துத்தான் ஆளையே கண்டுபிடிப்பாரு.

அரண்மனை வைத்தியரு அகோரப் பண்டிதரு மட்டும் குனியல. தலை ராஜா தலைக்குக் கீழேயே இருக்கிற மாதிரி சின்னதா ஒரு முக்காலி செஞ்சு, அதுல சொகுசா உக்காந்துக்கிட்டாரு. அவரு கசாயம் குடுத்தாரு, ராஜா இன்னும் ஒரு விரக்கடை குனிஞ்சாரு. லேகியம் குடுத்தாரு, இன்னும் ரெண்டு விரக்கடை. சூடா ஒத்தடம் குடுத்தாரு, ராஜா மூக்கு முழங்காலை முட்டிருச்சு.

அப்பத்தான் ராணி காதுக்குக் குருவம்மா சங்கதி வந்துச்சு. பல்லக்கு அனுப்பி வரச் சொன்னாங்க. சேறு காயாத காலோட குருவம்மா சபைக்குள்ள குனிஞ்சு வந்து நின்னா. ராஜா பாத்தாரு. "இது யாரு காலு? இப்படி ஒரு காலை நான் பாத்ததே இல்லியே"ன்னாரு.

"மண்ணு மிதிக்கிற காலுங்க மகாராசா"ன்னா குருவம்மா.

பண்டிதரு முக்காலியில துள்ளினாரு. "காலால வைத்தியமா! எந்த ஏட்டுல இருக்கு? ஏட்டுல இல்லாத வைத்தியம் வைத்தியமே இல்ல. ராஜா திருமேனியில கால் பட்டா அந்தக் காலை வெட்டணும், அதுதான் சட்டம்!"

குருவம்மா ரெண்டு அடி பின்னால போனா. கால் போனா அவளுக்கு என்ன இருக்கு? மண்ணு யாரு மிதிப்பா, சடையாண்டி எதை வனைவான், ரெண்டு பேரும் எதைத் தின்பாங்க? "நான் ஊருக்கே போயிடுறேன் சாமி, ஆளை விடுங்க"ன்னு திரும்பிட்டா. வாசல் வரைக்கும் போயிட்டா.

"போகாதே தாயி"ன்னாரு ராஜா. "மூணு மாசமா நான் ஆகாசத்தைப் பாக்கல. எம் பொண்டாட்டி மூஞ்சி மறந்து போச்சு." சொல்லிட்டு அழுதாரு. கண்ணீரு நேரா அவரு கால்லயே சொட்டுச்சு. குருவம்மாவுக்கு மனசு கேக்கல. திரும்பி வந்தா.

"மகாராசா, வேணும்னே மிதிச்சாக் காலை வெட்டணும். தெரியாமக் கால் பட்டுட்டா?"

"தெரியாமப் பட்டாத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாப் போதும். எல்லாருக்கும் அதுதானே?"

"அப்ப ரெண்டு வண்டி களிமண்ணு கொண்டாரச் சொல்லுங்க. ஒரு சுரைக்காயும் வேணும்."

ராஜாவைக் கவுத்துப் போட்டாங்க. மூஞ்சியை மட்டும் தலகாணியில விட்டுட்டு, மேல களிமண்ணைக் குமிச்சாங்க. சுரைக்காயை உத்தரத்துல கட்டினாங்க. குருவம்மா சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு, "நான் எந் தொழிலைப் பாக்குறேன், மண்ணு மிதிக்கிறேன். மண்ணுக்குள்ள ராஜா கிடந்தா அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"னுட்டு ஏறினா.

ராஜா படுத்துட்டாருல்ல, சட்டப்படி சபையே தரையில படுத்துருச்சு. பண்டிதருக்கும் வேற வழியில்ல, முக்காலியை விட்டுட்டுப் படுத்தாரு. படுத்துக்கிட்டே, "அவ தலை! அவ தலை மேல இருக்கு!"ன்னாரு.

ராணி படுத்த மேனிக்கே, "நின்னாத்தான் மண்ணு மிதிக்க முடியும். வாயை மூடிக்கிட்டுப் படும்"னாங்க.

குருவம்மா ஒரு மிதி மிதிப்பா, "ஐயோ பட்டுருச்சே"ன்னு குனிஞ்சு தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவா. இன்னொரு மிதி, "ஐயோ பட்டுருச்சே", ஒத்திக்குவா. இப்படி முன்னூறு மிதி. முன்னூத்தி ஒண்ணாவது மிதியில கட்டைவிரலுக்குக் கல்லு சிக்குச்சு. டொக்கு! அரண்மனைப் புறா எல்லாம் பறந்துருச்சு. ராஜா களிமண்ணைப் பொளந்துக்கிட்டு எந்திரிச்சாரு, நிமிர்ந்தாரு, ராணி மூஞ்சியைப் பாத்தாரு, "நீ இளைச்சுட்டியே!"ன்னு ஓன்னு அழுதாரு.

"எல்லாரும் நிமிருங்க!"ன்னாரு. நிமிரணுமே! மூணு மாசமாக் குனிஞ்ச இடுப்பு, ஒருத்தருக்கும் அசையல. நிமிர்ந்து நின்னது மூணே பேரு. ராஜா, குருவம்மா, முக்காலிப் பண்டிதரு.

இந்தப் பண்டிதரு இருக்காரே, அவரு களிமண் குமியலுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாரு. அவருக்குக் குருவம்மா காலு தெரியல, இடுப்புக்கு மேலதான் தெரிஞ்சுச்சு. கை கீழே போகுது, வருது, கண்ணுல ஒத்துது. "காலாவது வைத்தியம் பண்றதாவது! சூட்சுமம் அந்தக் கண்ணுலதான் இருக்கு. கையால நோயைத் தொட்டு எடுத்து, கண்ணு வழியா வெளியே விடுறா. மத்ததெல்லாம் சும்மா வேஷம்"னு முடிவு பண்ணிட்டாரு. வீட்டுக்கு ஓடினாரு, ஒரு ஏட்டை எடுத்தாரு, எழுதினாரு, அடுப்புப் புகையில காட்டிப் பழசாக்கினாரு, சபைக்கு ஓடி வந்தாரு.

"மகாராஜா! இது எங்க தாத்தாவுக்குத் தாத்தா எழுதின கண்ணொத்தி வைத்தியம்! எங்க வீட்டுக்குப் பானை கொண்டாந்தப்ப இந்தப் பொம்பள திருடிட்டா. திருடினதும் இல்லாம, காலை வெச்சு அசிங்கப்படுத்திட்டா. அந்தக் காலை வெட்டணும்!"

ராஜாவுக்கு ஏடுன்னா பயபக்தி. குழம்பிட்டாரு. சேவகன் ஒருத்தன் குனிஞ்ச வாக்கிலயே அருவாளை எடுக்கப் போனான். குருவம்மா தன் காலைப் பாத்தா. அந்தக் கட்டைவிரலைப் பாக்கப் பாக்க அவளுக்கு அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு.

"எனக்கு எழுத்துத் தெரியாது மகாராசா. ஏடு அவரோடதாவே இருக்கட்டும். மந்திரி ஐயா இன்னும் குனிஞ்சுதானே நிக்கிறாரு? அவரு ஏட்டுப்படி அவரையே நிமித்தச் சொல்லுங்க. நிமித்திட்டா எங் காலை எடுத்துக்கங்க."

பண்டிதருக்கு வாயெல்லாம் பல்லு. மந்திரியைக் கவுத்துப் போட்டாரு. "களிமண்ணு எதுக்கு? நானென்ன சட்டி பானையா செய்யுறேன்?"னு, மிளகு, சுக்கு, கடுகு, காஞ்ச மிளகாய் எல்லாம் போட்டுக் காய்ச்சின தைலத்தை மந்திரி இடுப்புல கமகமன்னு ஊத்தினாரு. சுரைக்காய்க்கு அடியில வந்து நின்னாரு. குனிஞ்சு மந்திரி இடுப்பைத் தொட்டாரு.

தொட்ட கையை எங்க வெச்சாரு? சொல்லுங்க பாப்போம்.

கண்ணுல வெச்சாரு!

ஒண்ணு. "ஆ!" ரெண்டு. "ஆ ஆ!" மூணு. "ஐயோ அம்மா!" நிறுத்தவும் முடியல, முன்னூறு தடவைன்னு அவரே எழுதியிருக்காரே! ராஜா வேற, அந்த ஏட்டைக் கையில வெச்சுக்கிட்டு, "இன்னும் இருநூத்தித் தொண்ணூத்தேழு இருக்கு பண்டிதரே"ங்கிறாரு. முப்பதாவது தடவையில மூஞ்சி தக்காளியா வீங்கிருச்சு, மூக்கு ஒழுகுது, கண்ணு தெரியல. தடுமாறினாரு, எண்ணெயில வழுக்கினாரு, மந்திரி மேலயே தொப்புன்னு உக்காந்துட்டாரு. மந்திரி நிமிரத்தான் செஞ்சாரு, ஆனா நிக்காமப் பின்னால வளைஞ்சுட்டாரு! இத்தனை நாளு தரையைப் பாத்தவரு இப்பக் கூரையைப் பாக்குறாரு.

குருவம்மா ஓடி வந்து, சுரைக்காயைப் பாத்து, ரெண்டு மிதி முன்னால, ரெண்டு மிதி பின்னால. டொக்கு. மந்திரி நேரா நின்னாரு.

ராஜா ஏட்டைப் புரட்டினாரு. மேலயும் பாத்தாரு, கீழயும் பாத்தாரு. "பண்டிதரே, இதுல கண்ணு இருக்கு, கை இருக்கு, சுரைக்காய் கூட இருக்கு. காலு ஒரு இடத்துலயும் இல்லியே? என் முதுகுல முன்னூத்தி ஒரு மிதி விழுந்துச்சு. மிதி வாங்கினவன் நானு, எனக்குத் தெரியாதா? அதை உங்க தாத்தாவுக்குத் தாத்தா எழுத மறந்துட்டாரா?"

"என்ன தண்டனை குடுக்கலாம்?"னு ராஜா யோசிச்சாரு. யோசிச்சப்பத்தான் முறுக்கு ஞாபகம் வந்துச்சு. "சிம்மாசனத்துக்கு அடியில ஒரு முறுக்கு கிடக்கு. முதல்ல அதை எடுத்துக் குடும்."

பண்டிதரு குனிஞ்சாரு. மூணு மாசம் முக்காலியிலயே உக்காந்த இடுப்பு. படக்குன்னுச்சு. குனிஞ்சவரு குனிஞ்சவருதான். அவரு என்ன ராஜாவா, கூடக் குனியுறதுக்கு? சபையில ஒருத்தரும் குனியல. குனிஞ்சிருந்தவங்களும் "எங்களை நிமித்து தாயி"ன்னு வரிசையில வந்து நின்னுட்டாங்க.

குருவம்மா எல்லாரையும் நிமித்தினா. கடைசி ஆளு பண்டிதரு. வலியில முனகுறாரு. அவ சேலையைச் சொருகிக்கிட்டு, சுரைக்காயைப் பாத்துக்கிட்டுக் கேட்டா. "பண்டிதரே, ஏட்டுல இருக்கிற மாதிரி கண்ணால செய்யவா, இல்ல காலால செய்யவா?"

"காலாலயே செய்யுங்க தாயே! காலாலயே செய்யுங்க!"

மிதிச்சா. டொக்கு. மிதிச்சுட்டுக் குனிஞ்சு அவரையும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. தன் காலை வெட்டச் சொன்ன மனுசனை! பண்டிதருக்கு அப்பத்தான் நிசமாவே கண்ணு கலங்குச்சு, தைலம் இல்லாமலேயே.

ராஜா, குனியுற சட்டம், காலை வெட்டுற சட்டம் ரெண்டையும் கிழிச்சுப் போட்டாரு. பண்டிதரைப் புதுசா ஒரு ஏடு எழுதச் சொன்னாரு, குருவம்மா காலுக்குப் பக்கத்துல உக்காந்து, அவ சொல்லச் சொல்ல. எழுதுறப்ப பண்டிதரு கேட்டாரு, "அந்தக் கண்ணுல ஒத்துறதை அடிச்சுடட்டுமா தாயே? அதுல மருந்து ஒண்ணும் இல்லியே?"

"இருக்கட்டும் சாமி"ன்னா குருவம்மா. "ஒருத்தரை மிதிக்கிறோம்ல."

அதனால இன்னிக்கும் அந்த நாட்டுல எந்த வைத்தியசாலைக்குப் போனாலும், உத்தரத்துல ஒரு சுரைக்காய் தொங்கும். மிதிக்கிற வைத்தியரு அதைப் பாத்துக்கிட்டே மிதிப்பாரு, மிதிச்சு முடிச்சதும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாரு. தைலக் கையா இருந்தா முதல்ல கழுவிக்குவாரு, அது பண்டிதரு தானே சேத்து எழுதினது.

அடுத்தவ வித்தையைத் திருடினவன் கண்ணு எரிஞ்சுச்சு, பாடுபட்ட காலு பத்திரமா வீடு வந்துச்சு. முறுக்கு? அதை என்னிக்கோ எறும்பு தின்னுருச்சு. கதை தீந்துச்சு, என் வாயும் ஓஞ்சுச்சு. இப்ப யாரு காலு யாரு மேல கிடக்கோ, தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத் தூங்குங்க.