எடை நிற்காத வண்டி

சாமியைவிடச் சீடருக்குப் பத்து வயது கூட. சீடர் பொன்னுரங்கம் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை தவறாமல் மடத்துக்கு வருவார், தவறாமல் ஒரே கேள்வியைக் கேட்பார்.

“சாமி, பழைய இரும்பைக் கடையில போடறது கட்டுபடி ஆகுங்களா?”

பழைய இரும்பு என்று அவர் சொன்னது மகனுடைய மோட்டார் சைக்கிளை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் லாரியில் மோதிப் பையன் போய்விட்டான். நசுங்கிய வண்டி மட்டும் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வீடு வந்து சேர்ந்து, கொல்லையில் நிற்கிறது.

“அது கண்ணுல படற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது” என்று சொல்லிவிட்டாள் அவர் மனைவி மரகதம். சொன்னபடியே ஆளும் பாதியாகிவிட்டாள். பாவம், அவளைப் பார்க்க மனசு தாங்கவில்லை.

“போட்டுட வேண்டியதுதானே?” என்றார் சாமி.

“மூணு கடை ஏறி இறங்கிட்டனுங்க. ஒருத்தன் சீட்டுக்கும் டயருக்கும் கழிவு போடறான். இன்னொருத்தன் அடிமாட்டு விலை கேக்கறான். மூணாவது ஆளோட மூஞ்சியே சரியில்லீங்க.”

காயலான் கடைக்காரனுக்கு மூஞ்சி எதற்கு? சாமி அதைக் கேட்கவில்லை. “வாங்க, நானும் வர்றேன்” என்று செருப்பை மாட்டினார்.

டெம்போ பிடித்து, வண்டியை ஏற்றிக்கொண்டு, காதர் பாயின் காயலான் கடைக்குப் போனார்கள். பொன்னுரங்கம் கேட்ட விலைக்கே பாய் சரியென்றுவிட்டார். கழிவும் கிடையாது என்றார். பேரம் பேச ஒன்றும் மிச்சமில்லை. வண்டியை மேடைத் தராசில் ஏற்றி நிறுத்தினார்கள்.

தராசு நூற்றிரண்டு கிலோ காட்டியது. உடனே நூற்றைந்து. அப்புறம் தொண்ணூற்றெட்டுக்கு இறங்கியது.

“பாத்தீங்களா சாமி, தராசே சரியில்லீங்க! நான்தான் சொன்னனே, இதெல்லாம் கட்டுபடி ஆகாதுன்னு. வண்டிய எறக்குங்க பாய்.”

பொன்னுரங்கத்தின் குரலில் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம்.

பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாமி கையமர்த்தினார். பிறகு பொன்னுரங்கத்தின் வலது கையைப் பார்த்தார். பொன்னுரங்கமும் குனிந்து பார்த்தார். அவர் நின்றது தராசுக்கு வெளியேதான்; அந்தக் கை மட்டும் வண்டியின் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்திருந்தது.

“கைய எடுத்துத்தான் ஆகணுங்களா, சாமி?”

“எடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பிடிச்சுக்கிட்டே எடை கேக்காதீங்க.”