பழசு ஆகாத தில்லைநாயகம்

எங்கள் இயக்குநர் தில்லைநாயகத்துக்குப் பழசு என்றாலே அலர்ஜி. அதனால்தான் ஆபீஸ் முழுக்க, கணினிகளை இயக்க, தினமும் அப்டேட் வந்துகொண்டேயிருக்கும் ஒரு லினக்ஸ் மென்பொருளைப் போடச் சொன்னார். அப்டேட்டோடு வரும் எச்சரிக்கையைப் படிப்பதெல்லாம் அவர் தகுதிக்குக் குறைச்சல்.

அன்று காலையும் படிக்காமலே அப்டேட் கொடுத்தார். திரை கறுத்துவிட்டது. வெளியே வாடிக்கையாளர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பூங்கோதையைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"பத்து நிமிஷத்துல ஓடணும். ஆனா பழைய குப்பை எதுவும் ஏறக் கூடாது. ஏறினா உனக்கு வேலை இல்ல!"

"பழசுன்னு நீங்க கண்டுபிடிச்சிட்டா நானே ராஜினாமா எழுதித் தர்றேன் சார்" என்றாள் பூங்கோதை. டிஸ்க்கில் சேமித்து வைத்திருந்த நேற்றைய பதிப்பை அப்படியே ஏற்றினாள். திரை பளிச்சென்று வந்தது.

தில்லைநாயகம் வாடிக்கையாளர்களை அழைத்து மார்தட்டினார். "இன்னிக்குக் காலைல வந்த பதிப்பு! என்ன வேகம் பாருங்க. நேத்து வரைக்கும் இருந்தது ஆமை."

"அப்படி என்னங்க புதுசு இதுல?" என்றார் ஒருவர்.

"சொல்லும்மா" என்றார் இயக்குநர்.

"இது அந்த ஆமைதான் சார். புதுசைப் போட்டா திரை கறுத்துடுது. இப்பவே போட்டுக் காட்டட்டுமா?" என்று விரலை நீட்டினாள்.

அலர்ஜிக்காரர் பாய்ந்து கீபோர்டைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.