சூரியனோட பறந்த நோன்பு

ஒரு கடலோர ஊர்ல ஒரு பிடிவாதக்காரி இருந்தா. பேரு மைமூனா, நம்ம சொந்தம்தான். என்னடா, "ம்" சொல்ல மாட்டியா? ஆங், அப்படி. இல்லேன்னா சாச்சி கதையச் சுருட்டி வச்சிருவேன்.

அவளுக்கு ஆயுசு முழுக்க ஒரே ஆச. ரமலான் மாசம் ஒரு நோன்பு விடாமப் பிடிக்கணும். பிள்ளப்பேறு, பால்குடி, காய்ச்சல்னு வருஷா வருஷம் நாலஞ்சு தப்பிப் போயிரும். அந்த வருஷம்தான் இருபது நோன்பு தாண்டியும் ஒண்ணும் விடல. அப்போ பாத்து லண்டன்ல மக ருக்கியாவுக்குப் பிள்ளப்பேறு! போகாம இருக்க முடியுமா? விடியுமுன்ன எந்திரிச்சு சஹர் சாப்பிட்டா, சென்னைல பிளேன் ஏறிட்டா.

"எட்டாயிரம் கிலோமீட்டர், பத்தரை மணி நேரம்தான். பாதி வழியிலயே நோன்பு தொறந்துருவேன்"னு எல்லார்ட்டயும் பெருமையாச் சொல்லிட்டு, ஒரு பேரீச்சம்பழத்த முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. கேக்குதா? "ம்"... சரி.

அப்புறம் விர்ர்ருனு பிளேன் கெளம்புச்சு. வயிறு கபகபங்குது, நாக்கு வறண்டு ஒட்டுது. கடிகாரத்துல நம்ம ஊர் நோன்பு தொறக்குற நேரம் வந்துச்சு. பழத்த எடுத்து வாய்கிட்ட கொண்டு போனா. ஜன்னல்ல பாத்தா, சூரியன் தகதகன்னு நிக்குது! அது மறைஞ்சாத்தானே தொறக்கணும்? பிளேனும் மேக்க போகுது, சூரியனும் மேக்க போகுது. ரெண்டும் கூடவே ஓடுனா எப்படிடா சீக்கிரம் மறையும்? பழத்தத் திரும்ப முடிஞ்சா.

அப்போ கடகடகடன்னு சாப்பாட்டு வண்டி வந்துச்சு. பிரியாணி வாசம் ஆளத் தூக்குது. பக்கத்து சீட்டுல ஒரு திருச்சி பாய். "பயணத்துல நோன்ப விட அனுமதி இருக்கே ராத்தா, பின்னால பிடிச்சுக்கலாமே"ன்னார்.

"இருக்கு பாய், நான் இல்லன்னேனா? எனக்கு வேணாம்"னுட்டா. சொல்லிட்டாளே தவிர, கண்ணு அந்த வண்டி பின்னாலயே போகுது.

ஒருவழியா லண்டன்ல தொம்முனு இறங்குனா. மருமகன் வந்து, "மாமி, இங்க இப்போ சாயங்காலம் ஆறுதான். கோடைல ஒன்பது தாண்டித்தான் பொழுது சாயும்"ன்னார். யா அல்லான்னு பெட்டி மேலயே உக்காந்துட்டா.

ம்? தூங்கிட்டியா? இல்லயா? கேளு.

வீட்டுக்குப் போனா, ருக்கியா வயித்தத் தாங்கிக்கிட்டு தண்ணியோட நிக்கிறா. "உம்மா, மூஞ்சி எப்படி வாடிப் போச்சு பாரு. ஒரு மடக்கு குடிம்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"யாராச்சும் சொல்வாங்கன்னா நான் பிடிச்சேன்? ஆசப்பட்டுப் பிடிச்சேன்டி!"

அப்புறம் நாற்காலிய ஜன்னலோரமா இழுத்துப் போட்டு, சூரியனுக்கு நேரா உக்காந்தா. "நீ எப்போ போறேன்னு நானும் பாக்குறேன்"னா. அது கூரை மேல நின்னுச்சு. மரத்துக்குள்ள நொழஞ்சுச்சு. போறேன் போறேன்னு போக்குக் காட்டுச்சு. கடைசில பொத்துன்னு விழுந்துச்சு. சூரியன்தான்டா விழுந்துச்சு, மைமூனா விழல!

நோன்பு தொறந்து, தண்ணி நாக்குல பட்டதும் அப்படி அழுதா. ருக்கியாவும் கட்டிக்கிட்டு அழுதா. அந்த மாசம் அவளுக்கு ஒண்ணு கூடத் தப்பல. நம்ம குடும்பத்துல பிளேன் ஏறுனவங்க எத்தனையோ பேரு. சூரியனோட ஒத்தைக்கு ஒத்த நின்னு ஜெயிச்சவ அவ ஒருத்திதான்!

கதை தரையிறங்கியாச்சு, கண்ண மூடுடா தங்கம்.