நீலக் கார் தேர்ச்சி பெற்ற கதை

ஒரு நாள் ஒரு துறைமுக ஊரில், கப்பலில் வந்த பெரிய இரும்புப் பெட்டி ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே ஒரு நீலக் கார் இருந்தது. சீமையில் எட்டு வருஷம் ஓடிய கார். ஒரு தடவைகூட நடு ரோட்டில் நின்று சொந்தக்காரியின் மானத்தை வாங்கியதில்லை.

சொந்தக்காரியின் பெயர் செண்பகவல்லி. சின்ன வயதிலேயே அவளுக்கு இரண்டு காலும் விளங்காமல் போய்விட்டன. அதற்காக மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை அவள். சீமைக்குப் போய்ப் படித்தாள், அங்கேயே வேலை பார்த்தாள், இந்தக் காரை வாங்கி ஓட்டினாள். அவளுக்கென்றே காரில் இரண்டு ஏற்பாடு உண்டு. கதவைத் திறந்தால் டிரைவர் சீட் வாசல் பக்கம் திரும்பும். சக்கர நாற்காலியிலிருந்து அவளே நகர்ந்து ஏறிக்கொள்வாள். ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு கைப்பிடி. முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் வேகம். காலுக்கு வேலையே கிடையாது.

இப்போது அவளுக்குச் சொந்த ஊர்க் கல்லூரியிலேயே வேலை கிடைத்திருந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை சேர வேண்டும்.

துறைமுக வாசலில் அவள் அண்ணன் கோமதிநாயகத்திடம் சொன்னது காரின் காதில் விழுந்தது.

“அண்ணே, சின்னதுல என்னை மூட்டை மாதிரி தூக்கித் தூக்கி வச்சீங்க பாருங்க, அது போதும். வேலையில சேர்ற அன்னைக்கு நானே ஓட்டிட்டுப் போவேன். ஒருத்தர் கையும் என் மேல படக் கூடாது.”

“ஆகட்டும் தாயி. ஆனா வெளிநாட்டு வண்டிக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் வாங்கணுமாம். அது இருந்தாத்தான் நம்பர் குடுப்பாங்க.”

கார் மனசுக்குள் சிரித்துக்கொண்டது. பனியிலும் மழையிலும் எட்டு வருஷம் ஓடியவனுக்கு ஒப்புதலா? கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தது. பாவம், புதுசு.

பரிசோதனை அலுவலக முற்றத்தில் அதற்கு முன்னாலேயே ஒரு மீன் வேன் நின்றது. வருஷாந்திரச் சோதனைக்கு வந்த வேன். பம்பரைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பின்னாலிருந்து வந்த புகையில் முற்றமே இருட்டிக் கிடந்தது.

“எங்கேருந்து தம்பி வாற?” என்றது வேன்.

“சீமையிலேருந்துண்ணே. உங்களுக்கு உடம்பு சரியில்லையா?”

“எனக்கென்ன? கல்லுக் குண்டு மாதிரி இருக்கேன். இந்த லைட்டு நம்ம மச்சான் வண்டியோடது. டயரு சித்தப்பா வண்டியோடது. சோதனை முடிஞ்சதும் கழட்டிக் குடுத்திரணும். இந்த ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தான். சோதனைக்கு ஒரு மூஞ்சி, ரோட்டுக்கு ஒரு மூஞ்சி.”

சொன்ன வாய் மூடுவதற்குள் வேனைக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் பாஸாகி, இருமிக்கொண்டே வெளியே போயிற்று. கார் அசந்துபோய் நின்றது.

அந்த அலுவலகத்தில் மனிதர்களும் உண்டு. அவர்கள் சும்மா தூக்கிப் பிடிக்கத்தான். ராஜ்ஜியம் நடத்தியது மூன்று பேர்: அளக்கும் டேப், எழுதும் படிவம், குத்தும் முத்திரை.

முதலில் டேப் வந்தது. அதன் நுனியில் ஓர் அங்குலம் எந்தக் காலத்திலோ பிய்ந்து போயிருந்தது. ஆகவே அது எதை அளந்தாலும் ஓர் அங்குலம் கூடுதலாகத்தான் வரும். ஊர் வண்டிகள் அத்தனையின் புத்தகத்திலும் அந்த இல்லாத அங்குலத்தையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். எல்லாம் சௌக்கியமாக நடந்துகொண்டிருந்தது. நீலக் காரின் காகிதத்தில் மட்டும் அதன் உண்மையான நீளம் இருந்து தொலைத்தது.

“ஒரு இஞ்சு நீளமா இருக்கே,” என்றது டேப்.

“உங்க நுனியில ஒரு இஞ்சைக் காணோமேங்க,” என்றது கார். மரியாதையாகத்தான் சொன்னது.

“முப்பது வருஷமா இந்த ஊரையே நான் அளந்திருக்கேன். அத்தனை வண்டியும் தப்பு, நேத்து இறங்கின நீ சரியாக்கும்?”

“அதுக்கில்லைங்க…”

“வாயைப் பாரு! நீளம்தான் கூடுதல்னு நினைச்சேன்.”

பக்கத்திலிருந்த படிவம் ‘அளவு பொருந்தவில்லை’ என்று எழுதிக்கொண்டது. காரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கோமதிநாயகம் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து, பின் பம்பரில் இருந்த ஒரு அங்குல ரப்பர் பட்டையை உரித்து எடுத்தார். காருக்குக் கொஞ்சம் வலித்தது. ரப்பர்தானே, போனால் போகிறது என்று தேற்றிக்கொண்டது. நாலு நாள் கழித்துத் திரும்பவும் போனபோது டேப் அளந்து பார்த்துவிட்டு, “இப்பத்தான் நீ ஒழுங்கான வண்டி,” என்று முதுகைத் தட்டிக் கொடுத்தது. வெட்கக்கேடு, அந்தத் தட்டு காருக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்து படிவம் விசாரணையை ஆரம்பித்தது. எட்டுப் பக்கம், நூற்றுப் பன்னிரண்டு கட்டம். கட்டத்துக்கு வெளியே ஒரு உலகம் இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது.

“சீட் முன்பக்கம் பார்த்து இருக்கா?”

“இருக்குங்க. கதவைத் திறந்தா மட்டும் வாசல் பக்கம் திரும்பும்.”

“ஆம், இல்லை, ரெண்டே கட்டம்தான். ‘மட்டும்’னு எழுத எங்கிட்ட இடம் இல்ல.”

“அப்படின்னா ‘ஆம்’னு போட்டுக்கோங்க.”

“திரும்புற சீட்டுக்கு எப்படி ஆம் போட? சரி, அது கிடக்கட்டும். காலால மிதிச்சா பிரேக் பிடிக்குதா?”

“பிரமாதமா பிடிக்கும்.”

“பின்னே இந்தக் கைப்பிடி எதுக்கு?”

“எங்க அம்மாவுக்குக் கால் வராதுங்க. இதைப் பிடிச்சுத்தான் எட்டு வருஷமா ஓட்டுறாங்க. ஒரு கோழிக்குஞ்சுகூட எங்க சக்கரத்துல பட்டதில்ல.”

படிவம் சலித்துக்கொண்டது. “ஒரு பாகம் குறைஞ்சா ‘இல்லை’ன்னு எழுதிட்டுப் போயிருவேன். கூடுதலா இருந்தா என்னத்தை எழுத? என் சர்வீஸ்ல இப்படி ஒரு வண்டியைப் பார்த்ததே இல்ல.”

“ஓட்டிக் காட்டட்டுமா? எந்த இடத்துல நிக்கச் சொல்றீங்களோ அங்க நிப்பேன்.”

“நீ நிக்கிறதும் நிக்காததும் எனக்குத் தெரியாது. எழுதியிருந்தாத்தான் தெரியும்.”

காருக்கு ஆத்திரமான ஆத்திரம். அடக்கிக்கொண்டு கேட்டது. “அவங்களை மாதிரி உள்ளவங்களுக்குன்னு தனிப் படிவம் இருக்குதாமே?”

“என் கூடப்பிறந்த தம்பிதான். மேல் அலமாரியில இருக்கான். ஆனா நம்பர் விழுந்த வண்டியைத்தான் அவன் ஏறெடுத்துப் பார்ப்பான்.”

“நம்பர் யாருங்க தரணும்?”

“நான் சரின்னு எழுதினா கிடைக்கும்.”

“நீங்க எப்ப எழுதுவீங்க?”

“நீ அந்த ரெண்டையும் கழட்டிட்டு வந்தா.”

சுற்றிச் சுற்றி வந்தாலும் வாசல் அதே இடத்தில்தான் இருந்தது. தலை சுற்றிப்போய்க் கார் முற்றத்துக்கு வந்தது. அங்கே பழைய மீன் வேன் வேறொரு சொந்தக்கார வண்டிக்கு லைட்டை இரவல் கொடுக்க வந்து நின்றிருந்தது. கார் தன் கஷ்டத்தைச் சொல்லி அழுதது.

வேன் விழுந்து விழுந்து சிரித்தது. “அட லூசுப் பயலே, இதுக்கா மூக்கைச் சிந்துற? நாங்க மாட்டிக்கிட்டு வந்து கழட்டுறோம். நீ கழட்டிட்டு வந்து மாட்டிக்க. அவ்வளவுதானே விஷயம்! பாஸாகிட்டா அப்புறம் உன்னை எவன் பார்க்கப் போறான்?”

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. இடையில் சனிக்கிழமை அரை நாள்தான் பாக்கி. திங்கட்கிழமை செண்பகவல்லி வேலையில் சேர வேண்டும். கோமதிநாயகமும் அதே யோசனையில்தான் இருந்தார். தங்கச்சிக்குப் போன் போட்டார்.

“கழட்டிக் காட்டிட்டு, பாஸானதும் மாட்டிரலாம் தாயி.”

“மாட்டிருவாங்கள்ல அண்ணே? நிச்சயம்தானே?”

“மாட்டாம? நாலு போல்ட்டு. பத்து நிமிஷ வேலை.”

சனிக்கிழமை காலையில் அலுவலக முற்றத்திலேயே மெக்கானிக் ஸ்பானரோடு உட்கார்ந்தான். முதல் போல்ட் அசையவில்லை. “எட்டு வருஷமா இறுகிக் கிடக்குண்ணே, நகர மாட்டேங்குது,” என்றான். அவன் தெம்புக்கு நாள் முழுக்க முக்கினாலும் அது நகர்ந்திருக்காது. காருக்குத்தான் அவசரம். படிவம் பார்த்துக்கொண்டிருக்கிறது, முத்திரை காத்துக்கொண்டிருக்கிறது. கூட வந்த வண்டியெல்லாம் பாஸாகிப் போய்விட்டது. இன்னும் தான் மட்டும் வித்தியாசமாக நிற்பதா? கார் தானாகவே போல்ட்டைத் தளர்த்திக் கொடுத்தது. கைப்பிடி கழன்று விழுந்தது. சீட்டையும் முன்பக்கம் பார்க்க வைத்து போல்ட் போட்டு இறுக்கினார்கள். திருப்பும் பொறியையும் உருவி எடுத்தார்கள். கார் பல்லைக் கடித்துக்கொண்டது.

படிவம் மடமடவென்று ஆம் ஆம் என்று நிரப்பிக்கொண்டே போயிற்று. கடைசியில் முத்திரை எழுந்து வந்தது. கட்டை குட்டையான ஆள், மை குடித்துக் குடித்து நீலம் பாரித்த முகம். அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை, காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘ணங்’ என்று விழுந்தது. தகுதியுள்ளது!

அடேயப்பா, காருக்கு அன்றைக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! கண்ணாடியில் ஒட்டிய ஒப்புதல் சீட்டை யாராவது பார்க்கிறார்களா என்று முற்றம் முழுக்க நோட்டம் விட்டது. நம்பரும் கிடைத்தது. மாட்டும் வேலையைத் திங்கள் காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று காரை அங்கேயே நிறுத்தி, கழற்றிய சாமான்களை அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குச் செண்பகவல்லி வந்துவிட்டாள். வீடு அடுத்த தெருதான். கஞ்சி போட்டுத் தேய்த்த சேலை, மடியில் வேலை உத்தரவு, சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்தாள். காரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. “பாஸாயிட்டியா?” என்று பானெட்டைத் தட்டினாள். காருக்கு ஜிவ்வென்றிருந்தது.

மெக்கானிக் கழற்றிய சாமான்களைக் கேட்டு உள்ளே போனான். வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

“குடுக்க மாட்டேங்குறாங்கண்ணே.”

கார் பதறிப்போய் ஜன்னல் வழியே படிவத்தைக் கூப்பிட்டது. “ஐயா, என் சாமான்?”

“எது உன் சாமான்? உன் மேல இருந்தவரைக்கும் அது உன் பாகம். கழட்டினதும் அது வெளிநாட்டுலேருந்து தனியா வந்த பொருள். ஒப்புதல் இல்லாத பொருள். சீல் வச்சு ஸ்டோர் ரூம்ல போட்டாச்சு.”

“அதுக்கு ஒப்புதல் எப்படி வாங்க?”

“ஒரு வண்டியில மாட்டிக் கொண்டுவந்து காட்டணும்.”

“என் மேலயே மாட்டிக் காட்டுறேனே!”

“நல்லா இருக்கே கதை. ஒப்புதல் குடுத்த வண்டியில ஒரு ஆணியை மாத்தினாலும் ஒப்புதல் ரத்து. எட்டாம் பக்கம், அடியில பொடி எழுத்துல இருக்கு பாரு.”

“உங்க தம்பியைக் கேட்கலாமே? எனக்குத்தான் நம்பர் விழுந்திருச்சே!”

“கேளேன். மாட்ட வேண்டிய சாமான் கையில இருக்கான்னு முதல் கட்டத்திலேயே கேட்பான்.”

வாசலில் மீன் வேன் நின்றது. அதன் முகத்தில் ஈயாடவில்லை. “எங்க சாமான் உள்ளூர்ச் சாமான் தம்பி. எனக்கென்ன தெரியும்?” என்று முணுமுணுத்துவிட்டு நழுவிற்று.

மணி ஒன்பதரை. கோமதிநாயகம் உள்ளே ஓடினார், கெஞ்சினார், கத்தினார். திரும்பி வந்து, தங்கச்சி முகத்தைப் பார்க்க முடியாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் ஓட்டட்டுமா தாயி? நீ பக்கத்துல உட்காந்துக்க.”

“உங்களுக்கு ஓட்டத் தெரியாதேண்ணே.”

“ஆமா.”

செண்பகவல்லி திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தாள். அசையாத சீட், வெறும் பெடல்கள். கை வழக்கம்போல் கைப்பிடி இருந்த இடத்துக்குப் போய், காற்றைப் பிடித்துவிட்டுத் திரும்பிற்று. அப்போதுதான் காருக்கு உறைத்தது. இந்த உலகத்தில் எல்லாருக்கும் அது இப்போது தகுதியான வண்டி, அவள் ஒருத்தியைத் தவிர.

அவள் அழவில்லை. “ஆட்டோ கூப்பிடுங்கண்ணே. முதல் நாளே லேட்டாப் போகக் கூடாது,” என்றாள்.

ஆட்டோ வந்தது. டிரைவர் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். “சேலை, சேலை, பார்த்துப் பிடிங்க,” என்று யாரோ சொன்னார்கள். இரண்டு பேர் கையிலும் தொங்கிக்கொண்டு போகும்போது செண்பகவல்லி கண்களை இறுக மூடிக்கொண்டாள். சக்கர நாற்காலியை மடித்துக் காலடியில் திணித்தார்கள். ஆட்டோ கிளம்பிற்று.

காருக்கு நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது. கூப்பிடத் தெரிந்த ஒரே குரலில் கூப்பிட்டது. முற்றம் அதிர, தெரு அதிர, ஆட்டோ முக்குத் திரும்பி மறைந்த பிறகும் நிறுத்தாமல் அலறிக்கொண்டே இருந்தது.

ஜன்னலோரம் காற்றாடிக்குக் கீழே படுத்திருந்த படிவம் திடுக்கிட்டு எழுந்தது. அவசர அவசரமாகத் தன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தது.

“அடடா, ஒரு கட்டம் விட்டுப்போச்சே!” என்று சொல்லிவிட்டு நிரப்பிக்கொண்டது: ‘ஹாரன் — நன்று.’