மூன்றாவது பாட்டு

"வேகமா ஆடணுமா, நிதானமா ஆடணுமா? அதை மட்டும் சொல்லுங்கக்கா."

தணிகைவேல் இப்படிக் கேட்டபோது தெய்வநாயகி மைதானத்துக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஒரு காலத்தில் கபடியில் பேர் வாங்கியவள். இப்போது நெய்வேலிப் பக்கம் ஒரு செம்மண் மைதானத்தில் பெண்கள் அணிக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறாள். பயிற்சியாளர்கள் பலர் அவளிடம் கேள்வியோடு வருவார்கள். பதிலோடு திரும்பிப் போனவர்கள் குறைவு.

தணிகைவேல் அவளிடம்தான் தொழில் கற்றான். இன்று தொலைக்காட்சியில் வரும் தொழில்முறை அணி ஒன்றுக்கு அவன் தலைமைப் பயிற்சியாளர். கழுத்தில் விசில், கையில் டேப்லெட், சட்டை முழுக்கக் கம்பெனிகளின் பெயர். பயம் வந்தால் மட்டும் அக்கா ஞாபகம் வரும்.

"ஏசி கார்லதான வந்த?"

"ஆமாக்கா."

"அப்புறம் ஏன் இப்படி வேத்திருக்கு?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை ஆட்டம். தோற்றால் அணி வெளியே, அவனும் வெளியே. முதலாளி அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்புதான் அவனைத் தூங்கவிடவில்லை.

"இதுவரைக்கும் எப்படி ஆடுனீங்க?"

"நிதானமாத்தான்."

"நல்லாத்தான போச்சு?"

"போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் போச்சு."

கபடி பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிரணிப் பக்கம் கபடி கபடி என்று பாடிக்கொண்டு போய்வருவது ஒரு பாட்டு. முதலில் போகிறவன் யாரையும் தொடாமல் பத்திரமாகத் திரும்பலாம், தப்பில்லை. அடுத்து போகிறவனும் வெறுங்கையோடு திரும்பலாம். மூன்றாவதாகப் போகிறவன் அப்படித் திரும்ப முடியாது. அவன் ஒரு புள்ளியாவது கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் அவனே அவுட். எதிரே நிற்பவர்களுக்கும் அது தெரியும். வாய்யா ராசா என்று காத்திருப்பார்கள்.

டிவியில் இதை வாழ்வா சாவா பாட்டு என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். வாழ்வு யாருக்கு, சாவு யாருக்கு என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

தணிகைவேலின் நிதானம் இந்த விதியை நம்பித்தான் இருந்தது. முதல் இரண்டு பாட்டில் நேரத்தைக் கரைக்க வேண்டும், மூன்றாவதில் அடிக்க வேண்டும்.

"அப்ப வேகம்னு நீ எதைச் சொல்ற?"

"எல்லாப் பாட்டுலயும் அடிச்சு ஆடறது. பாயிண்ட் குவியும். ஆனா நம்ம பெரிய ஆளு பிடிபட்டு உக்காந்துட்டா போச்சு. போஸ்டர்ல அவன் முகம்தான இருக்கு. அவன் வெளிய உக்காந்தா ஜனம் சேனலை மாத்திடும்னு முதலாளி பயப்படுறாரு."

"அவனைக் காப்பாத்தத்தான் நிதானம்."

"அப்படி இல்லக்கா. அது ஒரு யுக்தி."

"சரி, யுக்தி. முதல் பாட்டு யாரு போறது?"

"அவன்தான். ஒரு சுத்து சுத்திட்டு வந்துருவான். தொடையைத் தட்டுவான். கைதட்டல் பிச்சுக்கும்."

"ரெண்டாவது?"

"யாராவது ஒருத்தன். அவனும் போயிட்டு வந்துருவான்."

"மூணாவது?"

தணிகைவேல் டேப்லெட்டைத் திறந்தான். சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள் ஓடின.

"இதப் பாருங்கக்கா, மூணாவது பாட்டுல நம்ம அணி எடுத்த பாயிண்ட்டு..."

"நான் படம் கேக்கல. ஆள் பேர் கேட்டேன்."

"பொன்னுரங்கம்."

பொன்னுரங்கம் பண்ருட்டிக்காரன். முப்பதைத் தாண்டியவன். எந்தப் போஸ்டரிலும் இல்லாதவன். ஏழு பேர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் இடத்துக்குள் நுழைந்து, ஒருத்தனைத் தொட்டுவிட்டு, பாதி ஆட்களை முதுகில் சுமந்தபடி நடுக்கோட்டுக்கு ஊர்ந்து வருவான். வந்ததும் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாகப் போய் நின்றுகொள்வான். கேமரா அதற்குள் பெரிய ஆளின் பக்கம் திரும்பியிருக்கும்.

"எல்லா ஆட்டத்துலயும் மூணாவது அவன்தானா?"

"அவன்தான் கேட்டு வாங்குவான்கா. நான் போறேன் சார், நான் போறேன் சார்னு."

"பாவம், உனக்குச் சிரமமே இல்ல."

அவனுக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

"இப்ப எங்க இருக்கான்?"

"வீட்டுல. போன மாசம் முட்டி போயிருச்சு. ஆபரேஷன் ஆச்சு. இனிமே ஆட முடியாதுன்னுட்டாங்க."

ரயில் தாமதமாம் என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

"போய்ப் பாத்தியா?"

"சீசன் நடக்குதேக்கா."

தெய்வநாயகி குழாயை இறுக்கி மூடினாள். அதற்குப் பிறகும் அது சொட்டிக்கொண்டிருந்தது. தணிகைவேல் அதைக் கவனிக்கவில்லை.

"அவன் போனதுலேர்ந்து நிதானம் எடுபட மாட்டேங்குது. முதல் ரெண்டு பாட்டும் சரியாத்தான் இருக்கு, மூணாவதுல மாட்டிக்கிறோம். எழில்னு ஒரு புதுப்பையன் இருக்கான், துணிச்சல்காரன். அவனை மூணாவதுக்குப் பழக்கிட்டு நிதானமாவே போயிடலாமா? இல்ல, துணிஞ்சு வேகத்துக்கு மாறிடலாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, கிளம்பிடறேன்."

"பேண்ட்டை மடிச்சு விடு."

"எதுக்குக்கா?"

"ஷூவைக் கழட்டு."

குருவிடம் யுக்தி கேட்க வந்தவன் வெறுங்காலோடு செம்மண்ணில் நின்றான். அவள் வேப்பமரத்தடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"மகேஸ்வரி, சிந்தாமணியையும் கூட்டிட்டு வா."

இரண்டு பெண்கள் வந்தார்கள். பயிற்சி முடித்த வியர்வை இன்னும் காயவில்லை. தெய்வநாயகி அவர்களுக்கு நடுவில் போய் நின்றாள்.

"பாடு."

"நானா? எனக்கு நாப்பத்தஞ்சு ஆகுதுக்கா."

"பாட்டு மறந்து போச்சா?"

மறக்கவில்லை. கபடி கபடி என்று முணுமுணுத்துக்கொண்டே கோட்டைத் தாண்டினான். இடது ஓரம் போனான், வலது ஓரம் போனான், கையை நீட்டி ஒரு பாவனை காட்டினான். பெண்கள் பின்வாங்கிக் கொடுத்தார்கள். முழு மூச்சோடு திரும்பி வந்தான்.

"ரெண்டாவது."

இந்த முறை இன்னும் அழகாக ஆடினான். பழைய நாள் காலில் ஏறிவிட்டது. திரும்பும்போது தொடையைக்கூட ஒரு தட்டு தட்டினான். சிந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது.

அவனுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தொடவும் வேண்டாம், படவும் வேண்டாம் என்றால் கபடி மாதிரி சுகமான ஆட்டம் கிடையாது.

"மூணாவது" என்றாள் தெய்வநாயகி.

எதிரே மூன்று பேரும் கொஞ்சம் குனிந்தார்கள். யாரும் இப்போது சிரிக்கவில்லை.

தணிகைவேல் கோட்டருகே வந்தான். நின்றான். தலை தானாகப் பின்பக்கம் திரும்பியது.

பின்னால் அவனுடைய ஷூவும் டேப்லெட்டும்தான் இருந்தன.

"யாரைத் தேடற?"

"யாரையும் இல்லக்கா."

"இல்ல, திரும்பிப் பாத்தியே."

"அது சும்மா, பழக்கம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே காதில் விழுந்தது. காது மடல் சூடானது. முட்டியில் வலி இருக்கிறது, மதியம் ஒரு மீட்டிங் இருக்கிறது என்று சொல்லலாமா என யோசித்தான். யோசித்ததற்காகவும் வெட்கப்பட்டான்.

"நேரம் ஓடுது."

போனான். கபடி கபடி என்ற சத்தம் இந்த முறை அவன் தொண்டையிலிருந்து வரவில்லை, எங்கோ வயிற்றிலிருந்து வந்தது. ஒரு மூலையும் காலியாக இல்லை. பெண்கள் பின்வாங்கவில்லை. கையை நீட்டினால் கையைப் பார்த்தார்கள், காலை நீட்டினால் காலைப் பார்த்தார்கள்.

திரும்பிவிடலாமா என்று பார்த்தான். திரும்பினால் அவுட்.

மகேஸ்வரியை நோக்கிக் காலை வீசினான்.

தெய்வநாயகி அந்தக் காலைத்தான் எதிர்பார்த்திருந்தாள். கணுக்காலைப் பிடித்த பிடியில் அவன் பாட்டு பாதியில் அறுந்தது. சிந்தாமணி இடுப்பில் விழுந்தாள், மகேஸ்வரி முதுகில் விழுந்தாள். முகம் செம்மண்ணில் போய் மோதியது. முட்டி எந்தப் பக்கம் மடங்கக் கூடாதோ அந்தப் பக்கம் மடங்கத் தொடங்கியது.

அவன் பயந்துபோனான். இத்தனை வருஷமாக ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போ போ என்று கை காட்டிய இடம் இதுதான் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

"வலிக்குதுக்கா."

அவள் முட்டியை மடக்குவதை நிறுத்தினாள். காலை விடவில்லை.

"பொன்னுரங்கம் எப்பவாவது உன்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கானா?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட இல்லக்கா."

"அவனுக்கு வலிக்கவே இல்லன்னு நெனச்சியா?"

அவன் வாயில் மண். துப்பவும் முடியவில்லை.

"சொன்னா அடுத்த ஆட்டத்துக்கு வேற ஆளை எடுத்துருவேன்னு அவனுக்குத் தெரியும்கா."

தெய்வநாயகி கண்ணைக் காட்டினாள். பெண்கள் எழுந்துகொண்டார்கள். அவளும் காலை விட்டாள்.

"எந்திரி. வேகமா, நிதானமான்னு கேட்டல்ல, சொல்றேன்."

தணிகைவேல் எழுந்திருக்கவில்லை. மண்ணில் கன்னத்தை வைத்தபடியே கிடந்தான்.

"எழில் நேத்து பயிற்சியில மூணாவது பாட்டு போயிட்டு வந்து நொண்டினான்கா. என்னடான்னு கேட்டேன். ஒண்ணுமில்ல சார்னு சிரிச்சான்."