துடியான ஆள்

மாட்டுத் தரகர் வேலுச்சடையன் தலை நரைத்த பிறகுதான் நாச்சியம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். அம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆற்றங்கரை மடத்தில் எல்லோரும் அம்மா என்று அழைத்தார்கள். சடையனும் கூச்சப்படாமல் அப்படியே அழைத்தார்.

சந்தையில் அவருக்குப் பெரிய வாய். பல் தேய்ந்த மாட்டைப் பழகின மாடு என்பார். முட்டுகிற காளையைத் துடியான காளை என்பார். பொய் சொன்னதாக யாரும் அவர் துண்டைப் பிடித்து இழுக்க முடியாது. வாங்கினவன் வீட்டுக்கு ஓட்டிப் போய், விலாவில் ஒரு முட்டு வாங்கிய பிறகுதான் அவனுக்கு அர்த்தம் புரியும்.

மடத்துக்கு வந்த பின் வாய் அடங்கிவிட்டது. ஏக்கம்தான் அடங்கவில்லை. மகள் பூவாயி மேற்கே மலையடிவாரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அப்பன் முகத்தில் விழித்துப் பல வருடம் ஆகிறது. புருஷன் செத்தபோதுகூடச் சொல்லி அனுப்பவில்லை. கரைவழியே வரும் பெண்களில் யாருக்காவது பூவாயியின் நடை இருந்தால் சடையன் எழுந்து நிற்பார். கிட்டே வந்ததும் உட்கார்ந்துகொள்வார்.

ஒருநாள் காலையில் உப்பு வண்டிக்காரர் ஒருவர் மடத்தில் தண்ணீர் கேட்டார். மலையடிவாரத்துக்குப் போகிறாராம். பூவாயியின் வீடும் தெரியுமாம். சடையனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சற்றே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“என்ன சொல்லி அனுப்பினா என் மக வருவா, அம்மா?”

“உங்களுக்குத் தெரியாத பேச்சா, பெரியவரே? சொல்லிப் பாருங்க.”

சடையன் யோசித்தார். அப்பன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான் என்று சொல்லி அனுப்பலாம் என்றார்.

“வருவா. ஒரு நோயாளியைப் பாக்க வருவா.”

செத்துப்போன தாய் கனவில் வந்து மகளைக் கூப்பிடச் சொன்னாள் என்று சொல்லலாம் என்றார்.

“வருவா. அம்மாவுக்காக வருவா.”

பெற்றவனை எட்டிப் பார்க்காதவள் என்று ஊரே ஒரு மாதிரியாகப் பேசுகிறது என்றால்?

“ஊர் வாய்க்குப் பயந்து வருவா.”

சடையன் தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்றுமே பலிக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் மூன்றிலும் அவள் அவரிடம் வரவில்லை.

“கடைசியா அவ எப்ப வந்தா?” என்று அம்மை கேட்டார்.

சடையன் அதைச் சொன்னார். கல்யாணமான மறு வருடம் பூவாயி தனியாக நடந்து வந்தாள். முதுகில் தடித்திருந்ததைக் காட்டினாள். இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டேன், இங்கேயே ஒரு மூலையில் இருந்துகொள்கிறேன் என்றாள். சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சடையனுக்கு நாவில் முதலில் வந்தது சந்தைச் சொல்தான்.

“‘மாப்பிள்ளை கொஞ்சம் துடியான ஆளும்மா’ன்னு சொன்னேன்.”

அம்மையின் கை கீரையிலேயே நின்றது.

“தரகன் மக. அந்தச் சொல்லுக்குச் சந்தையில என்ன அர்த்தம்னு அவளுக்குத் தெரியும். திரும்பிப் போயிட்டா.”

வெளியே வண்டிக்காரர் மாடுகளை நுகத்தில் பூட்டும் சத்தம் கேட்டது. சடையனுக்குக் கண் கலங்கியது.

“இப்ப உங்களுக்கு என்ன வேணும்?” என்றார் அம்மை.

“அவளைப் பாக்கணும் போல இருக்கு. அவ்வளவுதான், அம்மா.”

“அதைச் சொல்லி அனுப்புங்க.”

“அது மட்டுமா?” சடையன் திடுக்கிட்டார். “அதுல ஒரு பிடிமானமும் இல்லையே. அதைக் கேட்டா அவ வராமலே இருந்துடலாமே.”

“அன்னிக்குப் போகாம இருக்க அவளுக்கு ஒரு வழி விட்டீங்களா?”

“இல்லை, அம்மா.”

“இன்னிக்கு வராம இருக்க ஒரு வழி விடுங்க.”